நாலாம் இடத்தின் விலை

1

ஒரு குழந்தையின் காது கேட்பதற்கு விலை நூற்றைம்பது. ஒரு காதுக்கு அல்ல, இரண்டுக்கும் சேர்த்து. ஜோடியாக வாங்கியதால் சல்லிசாகக் கிடைத்தது.

என்ன நாணயம் என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டைப்பையில் எது இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அந்தத் தொகையில் ஒரு சின்னக் குடும்பம் நான்கு நாள் சாப்பிடும். இன்று இரண்டு பேர் டீ குடித்துவிட்டுச் சில்லறைக்காக நிற்கலாம்.

வாங்கியவன் நான். என்ன வாங்குகிறேன் என்று தெரியாமல் வாங்கினேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் வாயிலிருந்து வரக் கூடாத வாக்கியம் இது. ஆனாலும் கதை அங்கிருந்துதான் வந்தது. போன மாதம் ஆணிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன், அதன் வாசலில் ஒரு அம்மாளைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இது பதினோராவது தடவை. முதல் பத்தும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. அவரிடமும் பேரம் பேசினேன் என்பதை ஒளிப்பானேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“விடியலின் சாம்பல் ஒளியில், ஆஸ்பத்திரிச் சுவரோரம், காலம் செதுக்கிய சிலைபோல அவள்...”

நிறுத்திவிட்டேன். அவள் சிலை இல்லை. இடது காலில் நின்று வலது காலைச் சுவரில் ஊன்றியிருப்பாள், கொக்கு மாதிரி. அரை மணிக்கு ஒருதரம் கால் மாற்றுவாள். சிலைக்குக் கால் வலிக்காது.

இரண்டாவது தொடக்கம்:

“வறுமை என்பது ஒரு...”

இதையும் முடிக்கவில்லை. ‘வறுமை என்பது ஒரு’ என்று தொடங்கும் வாக்கியத்தை வயிறு நிறைந்தவன்தான் எழுதுவான். (நான் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினேன்.)

ஆகவே கடைக்காரன் தொடங்குவதுபோலத் தொடங்குகிறேன். சரக்கை மேஜைமேல் வைத்துவிடுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

3

எங்கள் கடை பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. பிளாஸ்க், பிளாஸ்டிக் வாளி, பாய், துண்டு, டம்ளர், ஸ்பூன். படுக்கையில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு நாங்கள் பாய் கொடுப்போம். எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பேரம் பேச நேரம் இருக்காது என்பது அந்த இடத்தின் விசேஷம். அப்பா அதைத் தெரிந்துதான் அங்கே கடை போட்டார்.

வரிசையக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த அம்மாளின் தொழில் நிற்பது. இருட்டோடு வந்து டோக்கன் ஜன்னல் முன்னால் இடம் பிடிப்பாள். எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும். அதற்குச் சற்று முன்னால், தூரத்திலிருந்து வந்தவர்களோ நிற்க முடியாதவர்களோ நிற்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களோ வந்து நாற்பதைக் கொடுத்தால், அவள் விலகுவாள், அவர்கள் நுழைவார்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்களுக்கும் அவள் தேவைப்படலாம்.

அவள் விலை ஏற்றியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. பேரத்திலேயே வளர்ந்த எங்களுக்கு இது ஏறக்குறைய ஒரு ஊனமாகத் தெரிந்தது.

“ஏன்க்கா, ஜன்னல் தெறக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ அறுபது கேட்டா குடுக்க மாட்டானா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குடுப்பான் தம்பி. அவன் வீட்டுல யாரோ இழுத்துக்கிட்டுக் கெடக்காங்க. குடுக்காம என்ன பண்ணுவான்?”

“அப்புறம் என்ன?”

“அதனாலதான் கேக்கறதில்ல.”

மழை வந்தால் எங்கள் கடைப் படியில் ஒதுங்குவாள். எங்கள் பானையில் தண்ணீர் குடிப்பாள். ஒருதரம் அப்பா அவளுக்கு ஒரு வாளியைக் கடனுக்குக் கொடுத்தார். அவள் தவணையாக அடைத்தாள்.*

* அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை ‘நீ’ என்றேன். அவள் என்னை ‘நீங்க’ என்றாள். கதைக்காக இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, அப்படித்தான் இருந்தது. எழுதும்போதுதான் கண்ணில் குத்தியது.

4

கதைக்குள் போகுமுன் எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் நான் செய்த தவறு உங்களுக்குத் தவறாகவே தெரியும். எனக்கு அது திறமையாகத் தெரிந்தது என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் பேரம் பேசுவார்கள். டாக்டர் மூன்று நாள் மாத்திரை எழுதினால், “ரெண்டு நாள்ல முடியாதுங்களா?” என்பாள் அம்மா. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா பேசாமலே உட்கார்ந்து, அவர்கள் கேட்ட சீரைப் பாதியாக்கினார். பேசாமல் இருப்பதுதான் எங்கள் குடும்பத்தின் பெரிய ஆயுதம். எதிராளி ஒரு விலை சொன்னதும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் முகத்தையே பார்க்க வேண்டும். தாங்க முடியாமல் அவனே அடுத்த விலையைச் சொல்வான்.

எனக்கு இருபத்தைந்து வயது. மௌனம் என்றால் பேரம் என்றுதான் எனக்குத் தெரியும். வேறு எதற்கும் மனிதர்கள் மௌனமாக இருப்பார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

5

அத்தான் வந்திருந்தார். அக்காவின் கணவர். இடது காதில் இரண்டு நாளாக ஏதோ அடைப்பு. மாப்பிள்ளைக்குக் காதடைப்பு என்றால் வீடே அடைத்துக்கொண்டது மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு காது டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். இருபது பேரைத்தான் பார்ப்பார். அன்றைக்கு அவர் வரும் நாள்.

“மாப்பிள்ளைய வெயில்ல நிக்க வைப்பியாடா? வரிசையக்கா நிக்குதா பாரு” என்றார் அப்பா.

நின்றாள். நாலாவது ஆளாக. பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒன்று, தலை படிய வாரி, துவைத்த கவுனோடு. பின்னால் அறுபது பேர் இருந்தார்கள்.

“அக்கா, இந்த இடம் எங்க மாப்பிள்ளை காதுக்கு வேணும்” என்று நாற்பதை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அடேயப்பா, தேறிவிட்டாளே என்று நினைத்தேன். எனக்கு ஒருவிதப் பெருமைகூட.

“சரி, அறுபது.”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

“எண்பதுக்கா. பெரிய டாக்டர் வர்ற நாளு, ஒத்துக்கறேன்.”

பேச்சில்லை. என் அப்பாவே இவளிடம் பாடம் படிக்கலாம் என்று தோன்றியது.

“நூறு. போதும்க்கா, ரொம்ப இழுக்காத.”

“தம்பி...” என்றாள். அவ்வளவுதான்.

“நூத்திருபது.”

இப்போது அவள் கண் அசைந்தது. கண் அசைந்தால் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். கடைசியாக ஒரு தட்டு தட்ட வேண்டும். நூற்றைம்பதை எடுத்து அவள் கையில் திணித்தேன். “நம்ம கடைக்கு இது கூடச் செய்ய மாட்டியா?”

அவள் வரிசையிலிருந்து விலகினாள். அந்தப் பெண்ணிடம் “வா, போலாம்” என்றாள். பெண் நகரவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிடிவாதக்காரக் குட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அத்தானின் காதிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்தார். காது குடையும்போது உள்ளே விட்டது. இரண்டு நிமிஷம் ஆனது. அத்தான் அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினார்.

“நூத்தம்பதா?” என்று சிரித்தார் அப்பா. “உன்னையே உரிச்சிட்டாளேடா.”

6

இந்தப் பகுதியை எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் இது இல்லாமல் கதை இல்லை.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் அவள் டோக்கன் குமாஸ்தாவிடம் போனாள். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, “சார், சீட்டுல பேர் எழுதறப்போ அம்மா பேர் எழுதுவீங்களா, புள்ள பேரா?” என்று கேட்டாள். பதினோரு வருஷமாக அந்த ஜன்னல் முன்னால் நிற்கிறாள். ஜன்னலுக்குள் என்ன எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்பே விலகிவிடுவதுதானே அவள் தொழில்.

(இது குமாஸ்தா என்னிடம் சொன்னது. இதற்குப் பின்னால் வருவதில் பாதி அக்கம்பக்கத்தில் கேட்டது, மீதி நான் இட்டு நிரப்பியது. சரக்கில் கலப்படம் உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.)

டயர்க் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. மூட்டை தூக்கும் கணவன், அவனுடைய அம்மா, அவள், பெண். பெண்ணின் காதில் சீழ் வடிந்து தலையணை உறை மஞ்சளாகிவிட்டது. “வளர்ந்தா தானா சரியாயிடும்” என்றான் கணவன். “பொட்டப்புள்ளய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இழுத்துக்கிட்டு அலையாத, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றாள் மாமியார். பள்ளிக்கூடத்தில் சீருடை வெளுத்த பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. அங்கிருந்து டீச்சர் பேசுவது நல்ல காதுக்கே பாதிதான் விழும். மதிப்பெண் அட்டையில் ‘கவனம் போதாது’ என்று எழுதி அனுப்பினார்கள். அதற்காக அந்தக் குழந்தை வீட்டில் அடியும் வாங்கியது.

யாரிடமும் சொல்லாமல் அவள் முதன்முதலாகத் தனக்காக நின்றாள். பெண்ணுக்குத் தலை வாரி, நல்ல கவுன் போட்டு, இருட்டில் கூட்டிவந்து, நாலாவது இடம் பிடித்தாள்.

எட்டு மணி ஆவதற்குச் சற்று முன்னால் நான் வந்தேன்.

நாற்பது என்றேன். இன்றைக்கு எனக்குத்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் கேட்பது கடைத் தம்பி. படி, பானை, வாளி. இல்லை என்ற சொல்லை அவள் அதுவரை எங்கள் கடையில் சொன்னதில்லை. அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறுபது, எண்பது. இந்த மனிதருக்குப் புரியவில்லை, எப்படிச் சொன்னால் மரியாதையாக இருக்கும்? நூறு. தம்பி என்று தொடங்கினாள். நூற்றிருபது. அறையின் வாடகை பாக்கி சரியாக நூற்றிருபது. வீட்டுக்காரர் முந்தின வாரம் பாத்திரத்தை வெளியே வைப்பதாகச் சொல்லியிருந்தார். நான் கண்டது அந்தக் கண்ணசைவைத்தான்.

அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மூன்று மாதம்தானே.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. வேறு ஊருக்குப் போய்ப் பார்க்க ஆகும் செலவில் ஒரு வருஷ வாடகை கொடுக்கலாம். அதற்குள் ஒரு காது முழுக்கப் போனது, இன்னொன்று முக்கால்.

7

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நான் அந்தக் கேள்வியைப் பத்துப் பிரதிகளிலும் தாண்டித்தான் போனேன்.

அதே வருஷம். டோக்கன் குமாஸ்தா பிளாஸ்க் வாங்க வந்தவர், சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கு வரிசையக்கா சொந்தப் பொண்ணுக்காக நின்னிருக்கு, தெரியுமா? நீங்க பூந்துட்டீங்க. இப்போ பொண்ணுக்குச் சுத்தமாக் கேக்கலையாம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிளாஸ்க்குக்கு உத்தரவாதம் ஆறு மாசம்” என்றேன்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலப் படியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன். அதுவரை கழுவிக் கொடுத்ததில்லை. என் பிராயச்சித்தம் அந்த அளவுக்குத்தான் வந்தது. நாலு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அவள் வேறு பக்கம் குடிபோனாள், நான் நிம்மதியானேன். நிம்மதி என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போடலாமா என்று யோசித்தேன். வேறு சொல் இல்லை.

8

போன மாதம். அப்பாவுக்குப் பிறகு கடையை இரும்புச் சாமான் கடையாக்கிவிட்டேன். ஆணிக்கு ஆர்டர் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். இயந்திரங்கள் கம்பியைக் கடித்துக் கடித்து ஆணியாகத் துப்பிக்கொண்டிருந்தன. சத்தம் பல்லுக்குள் இறங்கியது. வழியில் நின்ற பெண்ணிடம் “கொஞ்சம் தள்ளும்மா” என்றேன். அசையவில்லை.

மேஸ்திரி என் காதுக்குள் கத்தினார். “அதுக்குக் காது கேக்காது சார். இந்த வேலைக்கு அதுதான் வசதி. நல்ல காதோட வர்றவன் ஆறு மாசத்துல தலைவலின்னு ஓடிடறான். இது ஏழு வருஷமா நிக்குது. ரொம்பப் பொருத்தமான ஆளு.”

மதியம் இயந்திரங்களை நிறுத்தினார்கள். வாசலில் ஒரு அம்மா சாப்பாட்டு அடுக்கோடு சுவரில் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நழுவப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“கடைத் தம்பிதானே? முடி போச்சே தவிர மூஞ்சி அப்படியே இருக்கு.”

“நல்லா இருக்கீங்களாக்கா?” (பத்தொன்பது வருஷம் கழித்து ‘நீங்க’ வந்தது. வாயைத் திறந்தவுடன் வந்துவிட்டது, பேரமே இல்லாமல்.)

“இருக்கேன். வரிசையெல்லாம் இப்போ போன்லயே வந்துருச்சு. போனுக்குக் கால் வலிக்காது பாருங்க, என் பொழப்பு போச்சு. அப்பா எப்படி இருக்காங்க?”

“போயிட்டார்க்கா. ஆறு வருஷமாச்சு.”

“நல்ல மனுசன். மழைக்கு ஒதுங்கினா மூஞ்சி சுளிக்க மாட்டாரு.” பிறகு கேட்டாள்: “அந்த மாப்பிள்ளைக்குக் காது சரியாயிருச்சா?”

“ஆயிருச்சு.”

“அது போதும்.”

அந்தப் பெண் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கையில் எண்ணெய்க் கறை. யார் என்று புருவத்தால் கேட்டாள். அம்மா விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைபோல நிறுத்திக் காட்டி, என்னைச் சுட்டினாள்.

“உங்களப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு தம்பி” என்றாள்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். திட்டட்டும். காறித் துப்பட்டும். எதற்கும் தயாராக நின்றேன். இதற்கு மட்டும் தயாராக இல்லை:

“அன்னிக்கு உங்ககிட்டக் கூட வாங்கிட்டேன். நாப்பதுதான் வழக்கம். நீங்க சின்னப் புள்ள, அப்பா காசு, ஏத்திக்கிட்டே போறீங்க. வேண்டாம், நாப்பது போதும்னு நான் சொல்லியிருக்கணும். வாடகை ஞாபகத்துல நாக்க அடக்கிக்கிட்டு நின்னுட்டேன். நூத்திப்பத்து உங்க காசு. அடுத்தவன் காசு தங்காதும்பாங்க. இவளுக்குக் காது போனப்போ, அதுக்குத்தான் இப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அப்போ திருப்பிக் குடுக்கக் கையில காசு இல்ல.”

அப்படியானால் என் ஆறாம் பகுதி பொய்யா? அவள் பேரம்தான் பேசினாளா? இல்லை. தான் அப்படிப் பேசியதாக அவளை நம்ப வைக்கப் பத்தொன்பது வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது. யார் நம்ப வைத்தார்கள் என்று கேட்டால், யாரையும் பிடித்து நிறுத்த முடியாது. மாமியார், டீச்சர், வீட்டுக்காரர், எங்கள் கடைப் படி. ஏதாவது கெட்டது நடந்தால் அதற்குரிய குற்றத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடத்தான் அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தேட ஆளும் பணமும் வேண்டும்.

அவள் இடுப்பிலிருந்து பையை எடுத்தாள். நூற்றுப்பத்தை எண்ணி நீட்டினாள்.

அக்கா, அது உங்கள் குற்றம் இல்லை, என் குற்றம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அந்த வருஷமே எனக்குத் தெரியும், தெரிந்துதான் தண்ணீர் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மூடினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“பத்தாதா? பழைய காசு. வட்டி இருக்குல்ல. சரி, நூத்திருபதா வச்சுக்கங்க.”

“அக்கா...” என்றேன். அவ்வளவுதான்.

“நூத்தம்பது தம்பி. முழுசாவே திருப்பித் தந்துடறேன். அன்னிக்கு நின்ன கூலியும் வேண்டாம்.”

மகள் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனிதர்கள் பேசுவது அங்கேதான் கேட்கும்.

9

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவள் அழுது மன்னிக்கிறாள். படித்துப்பார்த்தால் மன்னிப்பு அலமாரியில் அடுக்கி வைத்த சரக்கு மாதிரி இருக்கிறது. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அந்தப் பெண்ணுக்குக் காதில் மாட்டும் கருவி வாங்கித் தருகிறேன். அதை மாட்டிக்கொண்டு அவள் முதலில் கேட்பது ஆணி இயந்திரத்தை. ஆறு மாதத்தில் தலைவலி என்று ஓடுகிறாள். மேஸ்திரி வேறு ‘பொருத்தமான’ ஆளைத் தேடுகிறார். மூன்றாவதில் பணத்தை வாங்கிக்கொள்கிறேன். அவள் மனசாவது லேசாகட்டும் என்று. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதனாலேயே அதை நம்பவில்லை. எனக்கு லாபம் வரும் முடிவை நான் எப்போதும் நல்ல முடிவு என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

நடந்தது என்ன என்று கேட்காதீர்கள். பட்டறை வாசலிலேயே உங்களை விட்டுவிடுகிறேன். அவள் நூற்றைம்பதில் நிற்கிறாள். மகள் உதட்டைப் பார்க்கிறாள். அடுத்துப் பேச வேண்டியது நான். இந்த இடத்தில் சொல்லத் தகுந்த ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்தால் கொடுங்கள். என்ன விலை சொன்னாலும் சரி, பேரம் பேச மாட்டேன்.

எங்கள் கடையில் விலை எழுதாத சாமான் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆகவே கணக்கை எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன்.

நாலாம் இடம், வழக்கமான விலை: 40

நான் கொடுத்தது: 150

அவள் கணக்குப்படி எனக்கு வர வேண்டியது: 110

என் கணக்குப்படி நான் தர வேண்டியது: